வில்லனின் முட்டாள்தனத்தைக் கதையிலிருந்து களைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கட்டிப்போட்ட ஹீரோவிடம் தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, இரண்டு அடியாட்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, வில்லன் காரில் ஏறிப் போய்விடுகிறான். வாசகர் கதையை நம்புவதை நிறுத்தும் இடம் அதுதான். அதன்பின் ஹீரோ எத்தனை பேரை அடித்து வீழ்த்தினாலும், அது அவன் ஜெயித்ததாகத் தெரியாது. எதிராளி விட்டுக்கொடுத்ததாகத்தான் தெரியும்.

துப்பறியும் கதை, நாவல், தொடர், திரைக்கதை என்று எதை எழுதுகிறவருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். வில்லன் தவறு செய்யத்தான் வேண்டும். செய்யாவிட்டால் அவன் தோற்கமாட்டான். ஆனால் அந்தத் தவறு அவனுடைய குணத்திலிருந்தும் அனுபவத்திலிருந்தும் வந்ததாக இருக்க வேண்டும். கதையை முடிக்க வழி தெரியாத எழுத்தாளர் அவன் தலையில் கட்டிய தவறாக இருக்கக்கூடாது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக க்ளைமாக்ஸைத் திருத்தப் போய், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். க்ளைமாக்ஸில் தெரியும் ஓட்டை அநேகமாகக் கதையின் முதல் கால்பகுதியில் விழுந்ததாக இருக்கும்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலாவது, கதை முழுவதும் சீன் ஆர்டராக, அதாவது எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்ற வரிசையாக, எழுதி முடித்திருக்க வேண்டும். வசனம் எழுதத் தொடங்கியிருக்கக்கூடாது. ஒன்லைன், அதாவது ஓரிரு வரிக் கதைச்சுருக்கம், மட்டும் கையில் இருந்தால் சோதிக்க ஒன்றும் இருக்காது. வசனம் வரை போயிருந்தால், பிடித்துப்போன ஒரு வசனத்தைக் காப்பாற்றுவதற்காகவே அந்தத் தவறான சீனையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, வில்லனுக்கென்று தனியாக ஒரு நோட்டு, கூடவே ஒரு நாட்காட்டி. சம்பவங்களுக்குக் கிழமையும் மணியும் போட வேண்டும். 'சில நாட்கள் கழித்து' என்ற வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது, வில்லனின் தொழில் பற்றிய அறிவு. இதைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நிலமோசடி செய்கிறவனைப் பற்றி எழுதுகிறவருக்குப் பத்திரப்பதிவு எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால், அவருடைய வில்லனுக்கும் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? ஆளைக் கடத்துவான், கத்துவான், துப்பாக்கி எடுப்பான்.

செய்முறை விளங்குவதற்காக ஒரே ஒரு மாதிரிக் கதையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். மாசிலாமணி செங்கல்பட்டுப் பக்கம் நில புரோக்கர். ஒரு பெரியவரிடம் பொது அதிகாரப் பத்திரம் (அவர் சார்பில் நிலத்தை விற்க அதிகாரம் தரும் 'பவர்' பத்திரம்) எழுதி வாங்கி வைத்திருக்கிறான். பெரியவர் தென்காசியில் தன் மகன் வீட்டில் இருக்கிறார். மகனுக்கு மாசிலாமணியிடம் கடன். பேத்தி தேன்மொழிதான் கதாநாயகி. முதல் வரைவில் மாசிலாமணி மோசடியாக நிலத்தை விற்கிறான், தேன்மொழி கேள்வி கேட்கிறாள், அவளைக் கடத்தி அரிசி குடோனில் அடைக்கிறான், உண்மையைத் தன் வாயாலேயே சொல்கிறான், அவள் தப்பிக்கிறாள். இதைத்தான் திருத்தப் போகிறோம்.

1. கதையை வில்லன் பக்கமிருந்து ஒருமுறை எழுதுங்கள்

ஹீரோ வராத சீன்களும் சேர்ந்த ஒரு நாட்குறிப்பு இது. வில்லன் காலையில் எழுந்தது முதல் யாரைப் பார்த்தான், யாருக்குப் பணம் கொடுத்தான், எதற்காகக் காத்திருந்தான் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டிரண்டு வரி போதும்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஹீரோ பக்கமிருந்து மட்டும் எழுதிய கதையில் வில்லன் சீனுக்கு வந்தால் உயிரோடு இருப்பான், போனால் இல்லாமல் போவான். இடைப்பட்ட பதினைந்து நாள் அவன் என்ன செய்தான் என்பதற்கு எழுதியவரிடமே பதில் இருக்காது. அந்தப் பதினைந்து நாளில் புத்தியுள்ள எவனும் செய்திருக்கக்கூடிய காரியத்தைச் செய்யாமல் விட்டதுதான் வாசகர் கண்ணில் முட்டாள்தனமாகப் படுகிறது.

மாசிலாமணிக்கு எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது. செவ்வாய் இரவு பெரியவர் இறந்துபோகிறார். மகன் போனில் சொல்கிறான். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவர் பத்திரமும் அதோடு முடிந்துவிடுகிறது என்பது மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை பதிவுக்கு ஏற்கெனவே டோக்கன் போட்டாகிவிட்டது. பெரியவர் உயிரோடு இருப்பதாக டாக்டர் முன்பே கொடுத்த சான்றும் கையில் இருக்கிறது. வாங்குகிறவர் பணத்தோடு நிற்கிறார். அவன் வியாழக்கிழமையே பதிந்துவிடுகிறான்.

கடத்தல் கதை இங்கேயே தேவையற்றுப் போவதைக் கவனியுங்கள். இனி அவனுடைய பிரச்சினை ஒன்றே ஒன்று: செவ்வாய் என்ற தேதி. வீட்டில் நடந்த இறப்பைக் குடும்பத்தார் 21 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அதற்குள் மகனைப் பிடித்து, இறந்தது வெள்ளிக்கிழமை என்று எழுதித்தர வைத்துவிட்டால், எல்லாக் காகிதமும் அவன் பக்கம்.

2. அவனுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று குறியுங்கள்

நாட்குறிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு குறிப்பு: இன்று அவனுக்குப் புதிதாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது. வாசகருக்குத் தெரிந்ததெல்லாம் வில்லனுக்கும் தெரியும் என்று எழுதுகிறவர் தன்னையறியாமல் நினைத்துக்கொள்வது ஒரு தவறு. சில வேளை இதற்கு நேர் எதிராக, பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரிந்த செய்தி ஊரையே ஆட்டிவைக்கும் வில்லனுக்குத் தெரியாமல் இருக்கும்.

தெரியாமை காரணமாக வரும் தவறுதான் எல்லாவற்றிலும் கௌரவமான தவறு. சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனைப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்க வந்ததும், பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. கோவலன் ஊருக்குப் புதியவன், கையில் சிலம்போடு நிற்கிறான், அரசனும் விசாரிக்கும் நிலையில் இல்லை. திட்டத்தில் குறையே இல்லை, அது பலித்தும்விட்டது. அவன் அறியாதது சிலம்புக்குள் இருந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல். வெளித்தோற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டவனை உள்ளே இருந்த பரல் கவிழ்த்தது. அவனை முட்டாள் என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் வில்லனுக்கும் அப்படி ஒரு பரலைத் தேடுங்கள். அது அவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதற்கு நியாயமான காரணம் வேண்டும்.

மாசிலாமணிக்குத் தெரியாதது இது. புதன்கிழமை விடிகாலையிலேயே தென்காசியில் பெரியவரின் பழைய தறிக்கூட நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள். போட்டோவுக்குக் கீழே இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, அதில் செவ்வாய்க்கிழமையின் தேதி. மகன் இதை அவனிடம் சொல்லவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் நடப்பதுதானே, சொல்ல வேண்டிய செய்தியாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மாசிலாமணி செங்கல்பட்டை விட்டு நகரவும் இல்லை.

3. ஹீரோ கையில் சிக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'ஏன் முடித்துவிடவில்லை?' என்று கேளுங்கள்

ஆகப்பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது; அதனால் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வில்லன் ஹீரோவை உயிரோடு விடும் ஒவ்வொரு சீனையும் வட்டமிட்டு, பக்கத்தில் அவனுடைய காரணத்தை அவன் சொற்களிலேயே எழுதுங்கள். 'கதை நகர வேண்டும்' என்பது உங்கள் காரணம். அது கணக்கில் வராது.

இந்தச் சிக்கலுக்கு இராமாயணத்தில் ஓர் அருமையான தீர்வு இருக்கிறது. கட்டிக் கொண்டுவரப்பட்ட அனுமனைக் கொல்லத்தான் இராவணன் ஆணையிடுகிறான். தூதனைக் கொல்வது அரச நீதியல்ல என்று வீடணன் தடுக்கிறான். இராவணன் தன்னைப் பேரரசனாக நினைப்பவன். அந்தப் பேச்சை அவனால் தட்ட முடியாது. ஆனால் தண்டிக்காமல் விடவும் முடியாது. எனவே வாலில் தீ வைக்கச் சொல்கிறான். இலங்கை எரிகிறது. கொல்லாமல் விட்டதற்கும் காரணம் உண்டு, வாலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டும் அவன் குணத்திலிருந்தே வருகின்றன.

1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் லேசர் கதிர் நெருங்கிக்கொண்டிருக்கும்போது, ஒட்டுக்கேட்டிருந்த ஒரு ரகசியத் திட்டத்தின் பெயரை ஹீரோ ஜேம்ஸ் பாண்ட் சொல்கிறான். இவனுக்கு எவ்வளவு தெரியும், இவனைக் கொன்றால் இன்னொருவன் வருவானா என்ற சந்தேகம் வில்லனுக்கு வந்துவிடுகிறது. ஹீரோ தன் உயிரை ஒரு தகவலைக் கொடுத்து வாங்குகிறான். அங்கே வில்லன் எடுப்பது வியாபார முடிவு.

சரியான காரணங்களை நான்கு விதமாகத் தேடலாம்: கொன்றால் நஷ்டம், உயிரோடு இருந்தால் லாபம், அவனே மதிக்கும் ஒரு நெறி தடுக்கிறது, கொல்ல வேண்டிய அளவுக்கு ஹீரோ இன்னும் ஆபத்தாகத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. ஹீரோ ஒருதரம் அடி கொடுத்த பிறகும் 'இவன் பொடியன்' என்று வில்லன் சொல்லிக்கொண்டிருந்தால், பழைய முட்டாள்தனமே வேறு உடையில் வந்து நிற்கிறது.

இந்த நான்கில் ஒன்றும் பொருந்தாவிட்டால், காரணத்தை இட்டுக்கட்டாதீர்கள். ஹீரோ சிக்கும் சீனையே எடுத்துவிடுங்கள். தேன்மொழியின் கடத்தலை அப்படித்தான் எடுத்தோம். மாசிலாமணிக்கு அவளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. தொட்டால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் தேதி பேசப்படும். அவன் அவளைப் பார்த்து 'கவலைப்படாதம்மா, கோர்ட்ல பாத்துக்கலாம்' என்று மரியாதையாகவே பேசுவான். அப்படிப் பேசும் வில்லன், குடோனில் கத்துகிறவனைவிடப் பல மடங்கு பயமுறுத்துவான்.

4. மிஞ்சிய தவறைச் சலித்தெடுங்கள்

இதுவரை வந்தபின்னும் ஒன்றிரண்டு தவறுகள் மிஞ்சும். அவற்றில் எதை வைத்துக்கொள்வது? தெரியாமையால் வந்ததைப் பற்றி மேலே பார்த்தோம். இன்னும் இரண்டு வகையை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, குணத்தால் வருவது. பிரமனிடம் வரம் கேட்ட இராவணன் தேவர், அசுரர் முதலானோரால் சாவு வரக்கூடாது என்று கேட்டான்; மனிதரைப் பொருட்டாகவே எண்ணவில்லை. அந்த அலட்சியம் அவனுடைய ஆளுமையின் மையம். கேட்டிருந்தால் அவன் இராவணனாக இருந்திருக்கமாட்டான். டோல்கீனின் மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'இன் வில்லன் சௌரானும் இதே இனம். பேராற்றல் தரும் அந்த மோதிரத்தை யாரேனும் எடுத்துத் தனக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருக்கிறான். அதை அழிக்க ஒருவர் விரும்பக்கூடும் என்பது, அதிகாரத்தை மட்டுமே நேசிக்கும் அவன் மனத்தில் எழவே எழாது.

மற்றொன்று, பழைய வெற்றியால் வருவது. பத்துமுறை பலித்த தந்திரத்தை அவன் பதினோராவது முறையும் நம்புவான். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். அவன் திறமையே அவனை வீழ்த்துவதால் வாசகருக்கு ஒரு நடுக்கம் வரும்.

மறதி, குடிபோதை, திடீர் இரக்கம், தும்மல், கைதவறி விழுந்த சாவி போன்றவற்றைத் தள்ளிவிடுங்கள். இவை யாருக்கும் நேரக்கூடியவை என்பதால்தான் கதையில் செல்லாது. யாருக்கும் நேரக்கூடியது இந்த வில்லனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மாசிலாமணிக்கு நாம் கொடுக்கும் குணம்: முத்திரை இல்லாத தாளை மதிக்காதவன். வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்த எத்தனையோ பேரை 'எழுத்துல இருக்கா?' என்ற ஒரே கேள்வியால் ஜெயித்தவன். சுவரில் ஒட்டிய போஸ்டர் அவனுக்கு ஆவணமே அல்ல.

5. விதையை முன்னால் போடுங்கள்

தேர்ந்தெடுத்த தவறின் வேர் கதையின் முதல் கால்பகுதியிலேயே வாசகர் கண்ணில் பட வேண்டும். முக்கியமாக, முதல்முறை அது தெரியும்போது வில்லனுக்கு லாபம் தருவதாக இருக்க வேண்டும். பலவீனமாக அறிமுகமானால் வாசகர் உடனே முடிவை ஊகித்துவிடுவார். பலமாக அறிமுகமானால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார், பிறகுதான் அது திரும்பி வரும்.

ஆகவே முதல் அத்தியாயத்தில் மாசிலாமணி ஒரு பங்காளித் தகராறைத் தீர்க்கிறான். ஊரே ஒரு பக்கம் சாட்சி சொல்கிறது. அவன் பதிவான ஒரு பழைய பத்திரத்தை எடுத்து விரிக்கிறான், கூட்டம் அடங்குகிறது. 'ஊர் சொல்றது காத்தோட போயிரும்ணே' என்கிறான். அவன் ஜெயிக்கிறான், நாமும் அவன் பக்கம் கொஞ்சம் சாய்கிறோம்.

இரணியன் கதையின் அமைப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று நிபந்தனைகள் முதலிலேயே வந்துவிடுகின்றன. கேட்பவருக்கு அவன் எதையும் விட்டுவைக்கவில்லை என்றே தோன்றும். கடைசியில் நரசிங்கம், அந்திப்பொழுது, வாசற்படி என்று ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. வரத்தை முடிவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் இது வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும்.

புதியவர்கள் இந்தப் படியில் விதையை மூன்று நான்கு முறை காட்டிவிடுகிறார்கள். ஒருமுறை அழுத்தமாக, இன்னொருமுறை போகிறபோக்கில். அது போதும்.

6. தவறு தெரிந்தபின் அவன் என்ன செய்கிறான்?

நல்ல வரைவுகளில்கூட இந்த இடம் காலியாக இருக்கும். புத்திசாலி வில்லனும் தவறுவான். ஆனால் தவறு தெரிந்த மறுநிமிடமே அதைச் சரிசெய்ய இறங்குவான். ஹீரோ ஆதாரத்தைக் கண்டுபிடித்த பிறகு வில்லன் சும்மா உட்கார்ந்திருந்தால், அதுவரை நீங்கள் கட்டியதெல்லாம் சரிந்துவிடும்.

போஸ்டர் விஷயம் ஒன்பதாவது நாள் மாசிலாமணி காதுக்கு வருகிறது. தென்காசிக்கு ஆள் அனுப்புகிறான். தெருவில் மிச்சமிருந்தவை கிழிக்கப்படுகின்றன. தேன்மொழி டீக்கடைச் சுவருக்குப் போகும்போது பசைத் தடமும் போட்டோவின் ஒரு மூலையும்தான் இருக்கின்றன. அவள் அச்சகத்துக்குப் போகிறாள். அங்கே ஆர்டர் நோட்டில் செவ்வாய் இரவு வாங்கிய அட்வான்ஸும், கம்ப்யூட்டரில் வடிவமைத்த ஃபைலும் இருக்கின்றன. அச்சகத்துக்கு அவன் ஆள் போகாததற்கு முத்திரையை மட்டும் மதிக்கும் அதே குணம் காரணம்: சுவரில் இருந்ததைக் கிழித்தாகிவிட்டது, வேறு எங்கே இருக்கப்போகிறது என்று அவன் நினைக்கிறான். சிறிய அச்சகத்தின் கையெழுத்து நோட்டு ஓர் ஆவணம் என்பது அவனுக்கு உறைப்பதில்லை.

ஒரே தவறு இரண்டாவது முறை இன்னும் ஆழமாகப் போவதைப் பாருங்கள். புதிதாக இன்னொரு தவறைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

7. வாக்குமூலத்தை வெட்டுங்கள்

வில்லன் திட்டத்தை விவரிக்கும் நீண்ட வசனம் இருந்தால், அந்தத் தகவல் யாருக்குத் தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் வாசகருக்குத்தான் தேவை. அப்படியானால் அதை ஹீரோ கண்டுபிடிப்பதாகவோ, வில்லன் தன் கூட்டாளியை வேலை ஏவுவதாகவோ மாற்றிவிடலாம்.

வில்லனே சொல்லியாக வேண்டும் என்றால், சொல்வதால் அவனுக்கு நஷ்டம் வராத நேரத்தில் சொல்லட்டும். 1986-87இல் வந்த 'வாட்ச்மென்' சித்திரக்கதையில் வில்லன் எல்லாவற்றையும் விவரிக்கிறான்; ஆனால் அதற்கு முப்பத்தைந்து நிமிடம் முன்பே காரியத்தை முடித்துவிட்டிருக்கிறான். தடுக்க ஒன்றுமில்லை.

8. அடியாட்களும் கருவிகளும்

விரைவாகச் சரிபார்க்க வேண்டியவை இவை. அடியாள் ஏன் இவனிடம் வேலை செய்கிறான்? சம்பளமா, பயமா, உறவா? தோற்றுவந்த அடியாளைச் சுட்டுத்தள்ளும் வில்லனிடம் அடுத்தமுறை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். அதைத் தவறாகவே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சரி. கெத்துக்காக மட்டும் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறதோ அந்த ஆண்டின் போன், சிசிடிவி, பணப் பரிமாற்றம் எல்லாம் வில்லனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கதையில் மாசிலாமணி மகனுக்கு ஜிபேயில் பணம் அனுப்பினால் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அவன் பழைய கடன் பத்திரத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பான். தடமும் இருக்காது, கடனும் தீர்ந்தது.

9. இப்போது ஹீரோவை உயர்த்துங்கள்

எட்டுப் படிகளையும் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்நேரம் ஹீரோ தோற்றுக்கொண்டிருப்பான். பயப்படாதீர்கள், வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பலர் இங்கே கலங்கிப்போய், வில்லனை மறுபடியும் மட்டமாக்கிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக ஹீரோவுக்கு வில்லனிடம் இல்லாத ஒரு பார்வையைக் கொடுங்கள். தேன்மொழிக்குச் சட்டம் தெரிய வேண்டாம். அஞ்சலி போஸ்டரை யார் அடிக்கிறார்கள், எத்தனை மணிக்கு ஒட்டுகிறார்கள், பணம் யார் போடுகிறார்கள் என்று அந்தத் தெருவில் வளர்ந்தவளுக்குத் தெரியும். மாசிலாமணி எங்கே பார்ப்பதில்லையோ அங்கே அவள் பார்க்கிறாள்.

தற்செயல் விஷயத்தில் ஒரு விதி. தற்செயல் ஹீரோவைச் சிக்கலில் மாட்டிவிடலாம், சிக்கலிலிருந்து காப்பாற்றக்கூடாது. வழியில் தானாகப் பறந்துவந்து தேன்மொழியின் காலடியில் விழும் போஸ்டரை எவரும் மன்னிக்கமாட்டார்கள்.

10. ஒருவரை வில்லனாக உட்காரவைத்துச் சோதியுங்கள்

கதை தெரியாத ஒருவரை அழைத்து, வில்லனின் நிலையை மட்டும் சொல்லுங்கள்: உனக்கு இது தெரியும், உன்னிடம் இவ்வளவு ஆள், இவ்வளவு பணம் இருக்கிறது, இந்தச் சிக்கல் வந்திருக்கிறது, என்ன செய்வாய்? ஹீரோவைப் பற்றி வில்லனுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். கதை விவாதத்தில் எல்லோரும் சேர்ந்து ஹீரோவை ஜெயிக்கவைக்கத்தான் யோசிப்பார்கள். அதனால் விவாதத்தில் உட்காராதவராக இருந்தால் நல்லது. கடை வைத்திருப்பவர், வழக்கறிஞர், குமாஸ்தா என்று தினமும் எதிராளியோடு பேரம் பேசிப் பழகியவர்கள் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

அவர் சொல்லும் வழி உங்கள் வில்லன் எடுத்ததைவிட மேலானதாக இருந்தால் வாதாடாதீர்கள். குறித்துக்கொண்டு, மூன்றாகப் பிரியுங்கள். அந்த வழி வில்லனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றால் இரண்டாம் படிக்குப் போய் அதை உறுதிசெய்யுங்கள். தெரிந்தும் அவன் குணத்தால் அதை எடுக்கமாட்டான் என்றால், ஐந்தாம் படியில் அந்தக் குணத்துக்கான சீன் போதுமான அழுத்தத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த யோசனையை வில்லனுக்கே கொடுத்துவிட்டு, அந்த நாளிலிருந்து நாட்குறிப்பைத் திரும்ப எழுதுங்கள். மாசிலாமணியின் கதையைக் கேட்ட ஒருவர், 'நானாயிருந்தா மயானத்துல போட்ட ரசீதைத்தான் முதல்ல தேடுவேன்' என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், பத்தாவது நாள் காலை மாசிலாமணியின் ஆள் மயான அலுவலகத்தில் நிற்க வேண்டும்.